'மேகம்' இறங்கியிருப்பது கூலாயில்

கிராப்பில் கார் அழைக்கிறோம், ஷோப்பியில் சட்டை வாங்குகிறோம். இந்தத் தகவலெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் டியூஷன் மாணவர்கள் 'கிளவுட்' என்று மேலே கை காட்டுவார்கள்.

கூலாயில் வசிக்கும் எனக்கு அந்த 'மேகம்' தரையில்தான் தெரிகிறது. செடெனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. நம் தாத்தா பாட்டிமார் பலர் பால் மரம் வெட்டிய வட்டாரம் இது.

ஏன் இங்கே? 2020இல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே போனது. 2019இலேயே அங்குப் புதிய மையங்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2022இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் கிடைத்தது. அதற்குள் முதலீட்டாளர்களின் பார்வை பாலம் தாண்டி, நிலம் மலிவான ஜொகூருக்கு வந்துவிட்டது.

எனக்குக் கவலை தருவது தண்ணீர். ஓயாமல் சூடாகும் கணினிகளைப் பல மையங்கள் நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கின்றன. நாம் குளித்த நீர் கால்வாய்க்காவது போகும். இது காற்றோடு போய்விடும். ஜொகூர் ஆற்றையோ ஏற்கெனவே இரு தரப்பு நம்பியிருக்கிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை நாளுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்கலாம். அந்த ஆற்றுக்குக் கைகொடுக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்தக் கட்டடங்கள் பெருகுவதற்கு முந்தைய நிலை அது! சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவதை இம்மையங்களின் விருப்பத்துக்கு விடாமல் நிபந்தனையாக்க வேண்டும் என்பேன்.

சரி, நிலமும் நீரும் தரும் ஊருக்கு என்ன கிடைக்கிறது? கட்டும்போது வேலைக்கு ஆள் நிறைய வேண்டும். கட்டி முடித்தபின் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களும் எல்லாரும் மென்பொருள் எழுதுபவர்கள் அல்லர். மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன், குளிரூட்டும் இயந்திரம் தெரிந்தவர், ஜெனரேட்டரைப் பழுதுபார்ப்பவர் இல்லாமல் எந்த மையமும் ஓடாது.

இதைச் சொன்னால் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். "பையன் கம்ப்யூட்டர் படிக்கட்டும் சார், வயர் இழுக்கிற வேலை எதுக்கு?" என்றார் ஒரு தாய். அந்தப் பையனுக்கோ மின்சுற்று வரைவதில்தான் ஆசை.

எஸ்.பி.எம். முடித்தவர்கள் யுபியு விண்ணப்பத்தில் கணினித் துறையை மட்டும் வரிசையாக நிரப்பாதீர்கள். போலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா இருக்கிறது. குளிர்பதனத்துக்குத் திவெட் பயிற்சிகள் உண்டு. அவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். நேர்காணலுக்குப் போகும்போது, அந்த மையம் எந்த நீரைப் பயன்படுத்துகிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.