வளர்த்த நாய்க்கு வேறு வீடு

பிழைப்பை முன்னிட்டுத் தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வீடு மாறுதல் என்பது புதிய அனுபவம் அன்று. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வருகிறது. பாத்திர பண்டங்களைக் கட்டுகிறோம். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை வாங்குகிறோம். எரிவாயு இணைப்பை மாற்றுகிறோம். பால் கணக்கைத் தீர்க்கிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பமும் ஒரு முறையும் உண்டு. வீட்டில் வளர்ந்த நாயை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது. ஆகவே அக்காரியம் கடைசி வாரம் வரையில் தள்ளிக் கிடக்கிறது. கடைசி வாரத்தில் அவசரமாகவும், பெரும்பாலும் தவறாகவும் முடிகிறது. அதைச் சரிவரச் செய்யும் வழியைக் குறித்து இங்கே சிறிது சொல்ல விரும்புகிறேன். சொல்லுவதற்கு எனக்குள்ள தகுதி, அதில் பாதியைத் தவறாகச் செய்தவன் என்பதே.

எங்கள் நாயின் பெயர் மணி. டில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில், ஒரு மார்கழிக் குளிரில், மாடிப்படியின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் தாயார் எடுத்து வந்தார். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் ஊர் இனங்களுக்குப் பெயரும் பெருமையும் உண்டு. இராஜபாளையத்தின் உருவம் பொறித்த தபால்தலையே 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. மணிக்கு அப்படிப்பட்ட குலப்பெருமை ஒன்றும் இல்லை. டில்லித் தெருவில் பிறந்தது. எனினும் அதற்குத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. தந்தையார் காலமான பிறகு கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த தாயாருக்கும் அப்போது தெரிந்த மொழி அதுவே. ஒன்பது ஆண்டுகள் அவ்விருவரும் பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தனர்.

பின்னர் எனக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. அங்கே அமைந்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. நாயை நாளொன்றுக்கு மூன்று முறையேனும் கீழே அழைத்துச் செல்ல வேண்டும். தாயாருக்கு வயது 72. முழங்கால் வலி வேறு. ஆகவே மணியை டில்லியிலேயே ஒருவரிடம் ஒப்படைப்பது என்று நானும் என் மனைவியும் ஓர் இரவில் முடிவு செய்தோம். எங்கள் முழங்கால்களிலோ பதினாறு வயதுப் பையனின் முழங்கால்களிலோ பழுது ஒன்றும் இல்லை என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. தாயாரிடம் மறுநாள் தெரிவித்தோம். "நீ பார்த்துச் செய்தால் சரிதான்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இவ்விடத்தில் நேயர்கள் முதலில் ஆராய வேண்டியது, நாயை உடன் கொண்டுசெல்ல உண்மையிலேயே வழியில்லையா என்பதே. ரயில்வேயில் அதற்கு ஏற்பாடு உண்டு. குளிர்சாதன முதல் வகுப்பில் இருவருக்கான சிற்றறையையோ நால்வருக்கான அறையையோ முழுவதும் நமக்கே பதிவு செய்துகொண்டால் நாயை நம்முடனே வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும், சாதாரணப் படுக்கை வகுப்பிலும், இருக்கை வண்டியிலும் அனுமதி இல்லை. மற்றொரு வழி, கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கென அமைந்த கூண்டில் அனுப்புவது. பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே சென்று பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றும் மருத்துவர் சான்றும் கையில் இருத்தல் நல்லது. வழியில் தீனியும் தண்ணீரும் நம் பொறுப்பு. வட இந்தியக் கோடையில் அக்கூண்டுப் பயணத்தை நான் ஒருவருக்கும் பரிந்துரை செய்ய மாட்டேன். போகும் இடத்தில் குடியிருப்போர் சங்கத்தார் நாயே கூடாது என்று சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. வளர்ப்பு நாய்க்கு அவ்வாறு பொதுத்தடை விதிக்கச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்கு நல வாரியத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் எழுதும் நிபந்தனை வேறு. அதை முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வழியே இல்லையென்றால் நாயைச் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது பலர் செய்யும் காரியம். "எங்காவது பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். பிழைத்துக்கொள்ளாது. தெருநாய்கள் தத்தம் எல்லையை வகுத்துக்கொண்டு வாழ்பவை. அந்நியன் நுழைந்தால் கடித்துத் துரத்தும். வட்டிலில் சோறு கண்ட நாய்க்குக் குப்பையில் தீனி தேடவும் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. வளர்த்த பிராணியைப் பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுவது சட்டப்படியும் குற்றமாகும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லுகிறது. அச்சட்டத்தின் வரலாற்றில் நமக்கு உரிமையுள்ள பெயர் ஒன்று உண்டு. 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் பிராணிகளுக்காகத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே மசோதா கொண்டுவந்து பின்னர் சட்டமாயிற்று. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையில்தான். இன்று ஒரு நல்ல உணவு விடுதியில் காப்பிக்கு ஆகும் தொகை அது. எனவே சட்டத்துக்கு அஞ்சி ஒருவரும் நாயைக் காப்பாற்றப் போவதில்லை. மனத்துக்கு அஞ்சித்தான் காப்பாற்ற வேண்டும்.

மணிக்கு வீடு தேடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அலுவலக நண்பர்களிடம் சொன்னேன். தெரிந்தவர்களுக்குக் கைப்பேசியில் படம் அனுப்பினேன். இருவர் வந்தனர். ஒருவர் தம் சரக்குக் கிடங்கின் மொட்டைமாடியில் கட்டிவைக்கக் காவல் நாய் தேடுகிறவர். மற்றவர் பிறந்தநாள் பரிசாகத் தம் குழந்தைக்குக் குட்டி கேட்டவர். ஒன்பது வயது நாயைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இங்கே ஒரு எச்சரிக்கை. இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காக, கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாகாது. முன்பு நாய் வளர்த்ததுண்டா, அது என்னவாயிற்று, பகலில் வீட்டில் இருப்பவர் யார், வெளியூர் போனால் யாரிடம் விடுவார்கள், மருத்துவச் செலவு தாங்குமா என்றெல்லாம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். பெண் கொடுக்கும்போது இவ்வளவையும் விசாரிக்கிறோம். நாய் கொடுக்கும்போது விசாரித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எடுத்துக்கொள்பவர் கையில் கொடுக்க ஒரு குறிப்புத்தாள் எழுதிவைப்பது நலம். நானும் ஓர் இரவு எழுத உட்கார்ந்தேன். எழுத்து என் தொழில். அரைமணியில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். பெயர் மணி, வயது ஒன்பது, உணவு தயிர்ச்சோறு என்று மூன்று வரி எழுதியபின் பேனா நின்றுவிட்டது. எந்தெந்த வேளையில் உண்ணும்? எத்தனை பிடி? கடைசித் தடுப்பூசி எப்போது? எதற்கு அஞ்சும்? ஒன்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. தாயாரை அழைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான்கு பக்கம் நிறைந்தது.

வெறும் தயிர்ச்சோறு போதாது என்று மருத்துவர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டாராம். எங்கள் வீடு சைவம். முட்டை எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை என்றே நான் நம்பியிருந்தேன். ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு, நாங்கள் எழுமுன், பால்கனியில் தனிச் சட்டியில், சிறு மின்னடுப்பில், தாயார் முட்டை வேகவைத்து உரித்து மணிக்கு ஊட்டிவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு பூசைக்கு உட்கார்ந்திருக்கிறார். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. ஆதலால் சாம்பார்ச் சோறு கூடாது. பையன் கையிலிருந்து மிட்டாய் விழுந்தால் உடனே பொறுக்கிவிட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி குட்டிக்கு மூன்றாம் மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும். அந்தத் தேதிகளெல்லாம் பூசை அலமாரித் தகரப்பெட்டியில், தினத்தாள் காலண்டரிலிருந்து கிழித்த ஏடுகளின் பின்புறம், 'ஆவணி 12' 'ஆவணி 9' என்று தமிழ் மாதத்தில் குறிக்கப்பட்டிருந்தன.

"வெடிக்கு மட்டும் ரொம்பப் பயப்படும். தீபாவளி ராத்திரி குளியலறையில் கூடவே இருக்க வேணும்" என்றார்.

"யார் இருப்பது?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. டில்லியில் வெடி வெடிப்பது இரவில். தடை வந்த ஆண்டுகளிலும் அது முற்றும் ஓய்ந்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவ்விரவில் நண்பர்கள் வருவார்கள். பலகாரத் தட்டுகள் சுற்றும். நள்ளிரவு வரையில் கூடம் கலகலக்கும். பாட்டி எங்கே என்று யாரேனும் கேட்டால், களைத்துப் படுத்துவிட்டார் என்று நாங்கள் சொல்லுவது வழக்கம். ஒன்பது தீபாவளிகளாக அப்படிச் சொல்லியிருக்கிறோம்.

எழுதி முடித்தபின், இவ்வளவும் செய்யும் வீடு எங்கே கிடைக்கும் என்று பெருமூச்சு விட்டேன். "முனீர்க்காவில் அந்த கட்வால்காரப் பெண் எப்போதோ கேட்டாளே" என்றார் தாயார். காலையில் மதர் டெய்ரி பால் நிலையத்தருகே நாள்தோறும் சந்திப்பவராம். ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவரின் மனைவி. அவர்கள் வளர்த்த நாய் முந்திய ஆண்டு மூப்பினால் இறந்துவிட்டதாம். தரைத்தள வீடு, சிறு முற்றமும் உண்டு. "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றேன். "நீ கேட்கவில்லையே" என்றார். அவ்விரு மூதாட்டிகளுக்கும் பொதுவில் நாற்பது சொற்கள் இருந்தால் அதிகம். அந்த நாற்பதில் அவர்கள் நாயைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் சகலமும் பேசி முடித்திருந்தனர். மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

எனக்கு எஞ்சிய வேலை ஒன்றே. மணிக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பதினான்கையும் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தேன். வா, இரு, வேண்டாம், இந்தா என்பவற்றுக்கு எதிரே இந்திப் பொருளும் எழுதினேன். 'சமத்து' என்ற சொல்லில் தடுமாறிப்போய், பொருள் எழுதாமல் ஒலியை மட்டும் எழுதினேன். அச்சொல்லைக் கேட்டதும் மணி காலை நீட்டிப் படுக்கும். அதற்கு அதுவே பொருள்.

ஒப்படைப்பதை ஒரே நாளில் செய்யக் கூடாது என்றார் மருத்துவர். அதன்படி தாயார் மூன்று மாலைகள் மணியை அழைத்துக்கொண்டு அங்கே போய் அமர்ந்து வந்தார். நான்காம் நாள் ஒரு மணி நேரம் விட்டு வந்தார். பிறகு ஓர் இரவு. படுக்கையோடு, துவைக்காத தம் பழைய நூற்புடைவை ஒன்றையும் கொடுத்தார். நாய்க்கு மோப்பமே நினைவு. பழகிய வாசனை அருகில் இருந்தால் புதிய இடத்தின் கலக்கம் தணியும். முதல் சில நாள் உண்ண மறுப்பது இயல்பு. மணி இரண்டு நாள் உண்ணவில்லை; மூன்றாம் நாள் உண்டது. பழைய வீட்டைத் தேடி ஓடிவிடாதபடி சில வாரங்கள் சங்கிலியோடுதான் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசிக் குறிப்புகளை ஒப்படைத்தோம். டில்லியில் 1957ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டப்படி வளர்ப்பு நாயைப் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவையும் அவர்கள் பெயரில் புதிதாகச் செய்யச் சொன்னோம்.

கொல்கத்தாவுக்கு வந்து ஒரு மாதத்தில் தாயாரின் முழங்கால் வலி கூடிற்று. நடை அடியோடு நின்றுபோனதே காரணம் என்றார் இவ்வூர் மருத்துவர். மூன்று மாடி இறங்குவதற்குத் தாயாருக்கு இங்கே ஒரு காரணமும் இருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இப்பொழுது காலையில் அவர் கையைப் பிடித்து மெல்ல இறக்கி, ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்கு நான் அழைத்துச் செல்கிறேன். வழியில் எதிர்ப்படும் நாய்களின் வயதையும் குணத்தையும் எனக்கு விளக்கிக்கொண்டே வருவார். மணியைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்ற தீபாவளியன்று மாலை, இங்கே காளி பூஜைக்கு வெடி தொடங்குமுன், டில்லிக்குத் தொலைபேசியில் இணைத்துக் கொடுக்கச் சொன்னார். தாம் பேசினால் மணி தேடி ஏங்கும் என்று ஒலிபெருக்கியைத் தவிர்த்து, காதோடு வைத்துப் பேசினார். குளியலறைச் சன்னலை மூடிவிட்டீர்களா, பழைய புடைவை உள்ளே இருக்கிறதா, வானொலியை உரக்க வைத்தீர்களா என்று தம் நாற்பது சொற்களில் கேட்டார். மறுமுனையில் அந்த அம்மாள், தாமும் உள்ளேயே உட்காரப் போவதாகச் சொன்னாராம். தாயார் கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு, "வா, எல்லோருமாகச் சாப்பிடலாம்" என்று கூடத்துக்கு வந்து அமர்ந்தார்.