கோடுகளில் ஒரு வாழ்க்கை – 9: நகலெடுக்கும் கை

சென்ற வாரம் பார்த்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மாஸ்' நூலில், எலிகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே நிஜப் புகைப்படங்களும் அச்சாகியிருந்தன. அலிசன் பெக்டெலின் 'ஃபன் ஹோம்' (2006) இதற்கு நேர்மாறு. குடும்பப் படங்கள், அப்பாவின் கடிதங்கள், சிறுவயது டைரி, ஊர் வரைபடம், அகராதிப் பக்கம் என எல்லாவற்றையும் அவர் தன் கையாலேயே திரும்ப வரைந்திருக்கிறார். அசல் கையில் இருக்கும்போது ஸ்கேன் செய்து போட்டுவிடலாமே, ஏன் இத்தனை பாடு? எதை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகருக்குக் காட்ட இதைவிட நேர்மையான வழி அவருக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

கதை நடப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பீச் கிரீக் என்ற சிற்றூரில். அப்பா புரூஸ் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஈமச்சடங்கு நடத்தித் தரும் குடும்பத் தொழிலையும் பகுதி நேரமாகப் பார்த்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அலிசன், தான் பெண்களை விரும்புபவள் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். அப்பாவுக்கு ஆண்களோடு, அதுவும் தன் மாணவர்கள் சிலரோடு, உறவு இருந்தது என்பது அதன் பிறகுதான் அம்மா வழியாகத் தெரிகிறது. சில மாதங்களில், 1980இல், சாலையைக் கடக்கும்போது லாரி மோதி அப்பா இறக்கிறார். வயது 44. அம்மா விவாகரத்து கேட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அது தற்கொலை என்பது மகளின் முடிவு. ஆனால் பாம்பைக் கண்டவர்போல் அவர் பின்னால் துள்ளினார் என்ற லாரி ஓட்டுநரின் சாட்சியத்தையும் மறைக்காமல் வைக்கிறார். உறுதியான ஆதாரம் தன்னிடம் இல்லை என்று எழுதவும் தயங்கவில்லை.

நகல் என்பதே ஒருவகைப் போலி, வரைபவள் எதையும் சேர்க்கலாம், விடலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் கோடுகளைக் கவனியுங்கள். அன்றாடக் காட்சிகள் எளிய கார்ட்டூன் கோடுகளில் இருக்கின்றன. புகைப்படங்களை வரையும்போது மட்டும் குறுக்குக் கோடுகள் நெருங்கி, நிழலும் ஒளியுமாகப் படம் இறுகுகிறது. இது சான்று, அது என் ஊகம் என்று எல்லை பிரித்துக் காட்டும் ஏற்பாடு இது. புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு வரும் படத்தைப் பாருங்கள்: குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளைஞன் விடுதிக் கட்டிலில் உள்ளாடையோடு படுத்திருக்கிறான், எடுத்தவர் அப்பா. ஓரத்தில் அச்சான ஆண்டை மையால் அழித்தவர், மாதத்தை அப்படியே விட்டிருக்கிறார். அரைகுறையாக மறைத்த அந்த மனநிலையை மகள் நிதானமாக அலசுகிறார். படத்தைப் பிடித்திருக்கும் தன் விரல்களையும் சேர்த்தே வரைகிறார். ஸ்கேன் செய்த படத்தில் சான்று மட்டும்தான் இருந்திருக்கும். சாட்சி சொல்பவர் காணாமல் போயிருப்பார். பத்து வயது டைரியிலும் இதே குணம்தான். எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்க்கத் தொடங்கி, பிறகு அதற்கென ஒரு குறியைக் கண்டுபிடித்து, கடைசியில் பக்கம் முழுவதையும் அந்தக் குறியால் மூடிய சிறுமி அவர். (மிகுந்த தன்னம்பிக்கையோடு தன்வரலாறு எழுதும் நம் பிரமுகர்களுக்கு அந்தக் குறியில் நாலைந்தைக் கடன் கொடுக்கலாம்.)

இன்னொரு ஆட்சேபணை கனமானது. செத்தவர் வந்து பதில் சொல்ல முடியுமா? பெக்டெலின் வேலைமுறையில் இதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே பாவனை காட்டி, கேமராவில் படமெடுத்து, அதைப் பார்த்தே வரைந்தார். அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன் அவருடைய நிற்பையும் கோபத்தையும் தன் உடலில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வெறும் வசைக்கு இந்த உழைப்பு தேவையில்லை. ஆனால் உயிரோடிருந்த அம்மாவின் விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. அவருடைய மணவாழ்க்கை ஊரறிய விரிக்கப்பட்டது. அதில் அவருக்கு இருந்த சங்கடத்தை, 2012இல் அம்மாவைப் பற்றி எழுதிய அடுத்த நூலில் பெக்டெலே பதிவு செய்கிறார். கலை உயர்ந்தது என்பதால் அந்தக் கணக்கு நேராகிவிடாது. 'ஃபன் ஹோம்' மகத்தான நூல், அம்மாவின் மனக்குறையும் நியாயமானது. இந்த இரண்டில் ஒன்றைக் கைவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.