பெரிய சக்கரமும் சிறிய டயரும்

நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் 'மகிழுந்து' என்னும் சொல்லைக் கற்பிக்கின்றோம். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அது மீண்டும் 'கார்' ஆகிவிடுகின்றது. இக்கட்டுரைக்கு 'வண்டி' என்னும் பழைய சொல்லே போதுமானது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழ் இல்லங்களின் வாயிலில் ஹைபிரிட் வண்டி நிற்பது இன்று புதுமையன்று. தந்தையார் பல்லாண்டு ஓட்டிய டொயோட்டா பிரியஸ், பதினேழு வயதில் உரிமம் பெறும் மகனுக்கோ மகளுக்கோ கைமாறுகின்றது. கைமாறியதும் எழும் முதல் விண்ணப்பங்களுள் ஒன்று, "அப்பா, இந்த 15 அங்குலச் சக்கரத்தை மாற்றி 17 அங்குலம் போடலாமா?" என்பதாகும்.

இவ்விண்ணப்பத்தை விளையாட்டுப் புத்தி என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 2010 முதல் 2015 வரை அமெரிக்காவில் விற்பனையான மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் பெரும்பாலான வகைகளுக்கு 15 அங்குலமும், உயர்ந்த வகைக்கு 17 அங்குலமும் நிறுவனமே பொருத்தி விற்றது. ஆகவே பொருந்துமா என்பது கேள்வியன்று. பொருத்திய பின் எது கூடுகின்றது, எது குறைகின்றது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

நம் ஊர்க் கட்டை வண்டியை நினைவுகூர்க. குடம், ஆரக்கால், வட்டை எனத் தச்சர் இழைத்த மரச் சக்கரம். அதன்மேல் கொல்லர் பழுக்கக் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. அங்கே சக்கரம் பெரிதானால் உண்மையிலேயே பெரிதாகும். பள்ளத்தையும் மேட்டையும் எளிதாக ஏறிக் கடக்கும். இன்றைய வண்டியின் நிலை வேறு. சக்கரமும் டயரும் சேர்ந்த மொத்த உயரம் அதிகம் மாறக்கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும்; திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். எனவே உள்ளிருக்கும் உலோக வட்டம் வளர்ந்தால், அதைச் சுற்றியுள்ள ரப்பர் அதற்கு ஈடாகக் குறுக வேண்டும். பெரிய சக்கரம் என்று நாம் விலை கொடுத்து வாங்குவது பெரிய உலோகத்தையும் சிறிய டயரையும் ஆகும்.

இதனைப் பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய டயரின் பக்கச் சுவரில் 195/65 ஆர் 15 என்று எழுதியிருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது உலோக வட்டத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்கும் இவ்விந்தையை யார் தொடங்கி வைத்தாரோ, அவரை நாம் மன்னிப்போம்! 195-இல் 65 விழுக்காடு ஏறத்தாழ 127 மில்லிமீட்டர். 17 அங்குலச் சக்கரத்திற்குரிய டயரோ 215/45 ஆர் 17 ஆகும். 215-இல் 45 விழுக்காடு ஏறத்தாழ 97. மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் முன்னது 634, பின்னது 625 மில்லிமீட்டர், பெரிய வேறுபாடில்லை. ஆனால் சாலைக்கும் உலோகத்திற்கும் இடையிலுள்ள காற்று மெத்தை 127-லிருந்து 97-ஆகக் குறைந்துவிட்டது. 30 மில்லிமீட்டர் என்பது ஓர் அங்குலத்திற்கும் மேல்.

ஓர் அங்குலத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்போர், மார்ச்சு மாதத்தில் 18-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு முறை சென்று வரலாம். குளிர்காலத்தில் சாலையின் விரிசல்களில் இறங்கும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கின்றது. பகலில் உருகி இரவில் உறைந்து, மீண்டும் மீண்டும் பருத்து, தார்ப் பரப்பை அடியிலிருந்து பெயர்க்கின்றது. அதன்மேல் கனரக வண்டிகள் ஏறிச் செல்லக் குழி பிறக்கின்றது. மழை நாளில் அக்குழியில் நீர் நிறைந்து, இரவில் அது சாலையைப் போலவே தோற்றமளிக்கும். புதிதாக ஓட்டப் பழகிய பிள்ளைக்கு அது கண்ணில் படுவது அரிது.

சக்கரம் குழியின் விளிம்பில் மோதும்போது, டயர் அவ்விளிம்பிற்கும் உலோக வட்டத்திற்கும் இடையே நசுங்குகின்றது. பக்கச் சுவர் உயரமாயின் காற்று அவ்வதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். குட்டையாயின் ரப்பருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுபடும். சில நாளில் பக்கத்தில் முட்டை போன்ற வீக்கம் தோன்றும். அல்லது உலோக வட்டமே வளையும், விரிசல் விடும். வீங்கிய டயர் எப்போது வெடிக்கும் என்று சொல்ல இயலாது. அதனைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றுவதொன்றே வழி. மேலும், அண்மைக்கால ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் உதிரிச் சக்கரம் கிடையாது. அடைப்புத் திரவமும் காற்றடிக்கும் சிறு கருவியும் மட்டுமே வைத்திருப்பர். ஆணி குத்திய ஓட்டைக்கு அது உதவும். கிழிந்த பக்கச் சுவருக்கு உதவாது. டர்ன்பைக்கின் ஒன்பதாம் வாயிலைத் தாண்டி நள்ளிரவில் நின்றுவிட்ட பிள்ளைக்கு, இழுவை வண்டி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப், அதனை முதலில் செய்தது தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காகவே. அம்மகனுக்குக் கிடைத்த காற்றில் ஒரு பங்கைத்தான் நாம் பணம் கொடுத்துக் குறைக்கின்றோம்.

இனி எரிபொருளுக்கு வருவோம். ஹைபிரிட் வண்டியின் சிறப்பு, வேகம் குறைக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமிப்பது. ஆயினும் எல்லா இழப்பையும் அதனால் மீட்க இயலாது. டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் எழும் வெப்பமும், காற்றைக் கிழித்துச் செல்வதால் வரும் இழப்பும் போனவை போனவையே. அகலமான டயரும் திறந்த ஆரங்களும் இவ்விரண்டையும் கூட்டுவன. மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிரியஸின் 15 அங்குல உலோகச் சக்கரத்தின்மேல் அழகற்ற ஒரு பிளாஸ்டிக் மூடி இருப்பதைப் பலரும் குறை கூறுவர். காற்று சுழலாமல் வழுக்கிச் செல்லவே அது வைக்கப்பட்டது.

2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பிரியஸ் இதற்குத் தெளிவான சான்று. அதன் முன்சக்கர இயக்க வண்டிகளுள், 17 அங்குலச் சக்கரம் கொண்ட அடிப்படை வகைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அளித்த மதிப்பு, நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து, காலனுக்கு 57 மைல். 19 அங்குலச் சக்கரம் கொண்ட உயர் வகைகளுக்கு 52. அதே ஆண்டின் ஹோண்டா அக்கார்டு ஹைபிரிட்டில் 17 அங்குலத்திற்கு 48, 19 அங்குலத்திற்கு 44. உயர் வகைகளில் வேறு சாதனங்களும் எடையும் கூடியிருக்கும் என்பதால் வேறுபாடு முழுவதையும் சக்கரத்தின்மேல் சுமத்தலாகாது. எனினும் பெரும்பங்கு அதற்குரியது என்பதே என் கருத்து.

ஆனால் இதனை மிகைப்படுத்தவும் வேண்டா. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுவோர்க்கு 57-க்கும் 52-க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 20 காலன். காலன் மூன்றரை டாலர் என்று கொண்டால் 70 டாலர். பெட்ரோல் செலவைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்க முயலும் தந்தையர் இக்கணக்கில் தோற்றுவிடுவர். மார்ச்சு மாதத்துக் குழியொன்று உண்டாக்கும் செலவு அதனினும் மிகுதி. பெரிய சக்கரத்தால் திருப்பத்தில் வண்டி சாயாமல் விரைந்து திரும்பும், உலர்ந்த சாலையில் பிடிப்பு கூடும் என்பதும் உண்மையே. பனியிலும் பனிக்கூழிலும் குறுகிய டயரே பொதுவாக மேல்.

மாற்றுவதென்று முடிவு செய்தோர் பாரக் குறியீட்டை மறவாது பார்த்தல் வேண்டும். அளவை அடுத்து டயரில் பொறித்திருக்கும் எண் அது. 91 என்றால் அந்த டயர் 615 கிலோ சுமக்கும். 87 என்றால் 545 கிலோ மட்டுமே. தனியே கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு தெரியாது. ஐவரும் பெட்டிகளும் புளியோதரைத் தூக்கும் ஏறிப் பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குக் கோடை வெயிலில் முந்நூறு மைலுக்கு மேல் செல்லும் நாளில் தெரியும். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் கண்ட அளவிற்குக் கீழான பாரக் குறியீடு ஆகாது.

பழைய வண்டிச் சக்கரங்களை மலிவாகப் பெறுவோர் திருகுமரைகளின் வட்டத்தையும் அளக்க வேண்டும். நான்காம் தலைமுறைப் பிரியஸ் வரை அது 100 மில்லிமீட்டர். 2023 வண்டியில் 114.3. ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஏறாது. 2008 மாதிரி ஆண்டிலிருந்து எல்லாப் புதிய வண்டிகளிலும் சட்டப்படி காற்றழுத்த உணர்விகள் உள்ளமையால், அவற்றையும் புதிய சக்கரத்திற்கு மாற்றி வண்டியின் கணினியில் பதிவு செய்தல் வேண்டும். அந்த எச்சரிக்கை விளக்கை எரியவிட்டே ஓட்டுவது, குட்டையான டயரில் பெருந்தவறு. பிரியஸின் மரைகளை 76 அடி-பவுண்டு விசைக்கு இறுக்கி, ஐம்பது மைல் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க.

கழற்றிய 15 அங்குலச் சக்கரங்களை விற்றுவிட வேண்டா. அவற்றில் பனிக்கால டயர்களை மாட்டி வாகனக் கொட்டகையில் வைத்திருப்பின், நன்றி நவிலல் நாள் விடுமுறையில் பிள்ளையே மாற்றிக்கொள்ளலாம். குழிகளை அடைத்து முடிக்கும் ஏப்ரல் வரை அவையே ஓடட்டும்.