அப்பா அமைதிப்படைக்குப் புறப்படும் முன்: சிறு பிள்ளைகளுடன் ஒரு பயணம் ஏன், எப்படி?

ராணுவத்தில் பணிபுரியும் தந்தைக்கு வெளிநாட்டுப் பணிக்கான ஆணை வந்துவிட்டால், வீட்டில் முதலில் மாறுவது பேச்சுதான். பெரியவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். தாத்தா பாட்டி அடிக்கடி வந்து போகிறார்கள். அறை மூலையில் பெரிய பை ஒன்று நிரம்பிக்கொண்டு வருகிறது. நான்கு வயதுப் பிள்ளைகூட இதையெல்லாம் கவனித்துவிடுகிறது. ஆனால் என்ன நடக்கப் போகிறது என்பதை மட்டும் பல வீடுகளில் யாரும் அதனிடம் சொல்வதில்லை.

புறப்படுவதற்கு முன் பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் சேர்ந்து போகும் ஒரு சிறு பயணம், அந்தச் செய்தியைச் சொல்வதற்கு நல்ல சந்தர்ப்பம். செலவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு உண்மை தெரிய வேண்டும். அப்பாவுடன் அவசரமில்லாத நேரம் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பயணம் பயன் தந்ததாகக் கொள்ளலாம்.

எவ்வளவு காலப் பிரிவு?

மலேசிய வீரர்கள் 1960இல் காங்கோவில் தொடங்கி சோமாலியா, போஸ்னியா எனப் பல நாடுகளில் ஐநா அமைதிப்பணி ஆற்றியுள்ளனர். தென் லெபனானில் உள்ள யூனிஃபில் படையில் 2007 முதல் பணியாற்றி வருகின்றனர். 'மால்பாட்' எனப்படும் மலேசியப் பட்டாளத்தில் ஒரு குழுவின் பணி ஏறக்குறைய ஓராண்டு நீடிக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் பாதி.

அந்தப் பணியில் ஆபத்தும் உண்டு. 2024 நவம்பர் 7ஆம் தேதி, புதிதாக வந்திறங்கிய மலேசிய வீரர்கள் சிடோன் நகர் வழியாகத் தெற்கே சென்றுகொண்டிருந்தபோது அருகில் வான் தாக்குதல் நடந்தது. அதில் சிலருக்கு இலேசான காயம் ஏற்பட்டது. வீட்டை விட்டுக் கிளம்பிய சூடு ஆறும் முன்பே நடந்த சம்பவம் அது.

யூனிஃபிலின் பணிக்காலத்தை 2026 டிசம்பர் 31 வரை கடைசி முறையாக நீட்டித்து, 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்றம் முடிவெடுத்தது. அதன் பிறகு ஓராண்டுக்குள் படைகள் வெளியேற வேண்டும். லெபனான் பணி முடிந்தாலும் ராணுவக் குடும்பங்களில் பிரிவு முடிந்துவிடாது. கிழக்கு சபா கடலோரக் காவல், எல்லை முகாம், கடற்படைக் கப்பல் என அப்பாவோ அம்மாவோ மாதக்கணக்கில் விலகியிருக்கும் வேலைகள் தொடரத்தான் செய்யும். கீழே சொல்லப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

சொல்லாமல் போகும் பழக்கம்

தோட்டத்து வாழ்க்கையில் இந்தப் பழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கிப்போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் பால்மரம் வெட்டப் போவார். விழித்திருந்தால் அழும் என்பதே காரணம். மதியத்துக்குள் தாய் திரும்பிவிடுவார். பிள்ளையும் அதற்குப் பழகிவிடும்.

ஓராண்டுப் பிரிவில் அந்த வழி பலிக்காது. காலையில் எழுந்து பார்த்தால் அப்பா இல்லை என்ற அனுபவம் ஒருமுறை நேர்ந்துவிட்டால், அடுத்து அம்மாவும் அப்படியே போய்விடுவாரோ என்று பிள்ளை பயப்படத் தொடங்கும். தூங்க மறுப்பது, கழிவறைக்குப் போகிறவரின் காலைக்கூடக் கட்டிக்கொள்வது, பழகிய பிறகும் படுக்கையை நனைப்பது ஆகியவை இந்தப் பயத்தின் அடையாளங்களாக இருக்கலாம்.

'அப்பா கடைக்குப் போயிருக்கார்', 'நாளைக்கு வந்துடுவார்' போன்ற சமாதானங்களும் பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுக்கும். அழுதாலும் பரவாயில்லை, பிள்ளை விழித்திருக்கும்போது விடைபெறுவதே நல்லது.

எந்த வயதுக்கு எப்படிச் சொல்வது?

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 'அடுத்த வருடம்' என்றால் புரியாது. அதற்குத் தெரிந்தது அப்பாவின் குரல், வாசனை, தூக்கும் விதம். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு சுருக்கமாகச் சொன்னால் போதும்.

மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்கள், எது நடந்தாலும் தங்களால்தான் நடந்தது என்று நினைக்கக்கூடியவர்கள். 'நான் சேட்டை பண்ணினதால அப்பா போறாரா?' என்ற கேள்வி வாய்விட்டு வராமல் மனதிலேயே தங்கிவிடலாம். ஆகவே, பிள்ளை கேட்காவிட்டாலும், 'இது அப்பாவோட வேலை, நீ எந்தத் தப்பும் செய்யலை' என்று பெற்றோர் சொல்லிவிட வேண்டும். ஒரே கேள்வியை நாளுக்குப் பத்து முறை கேட்டால், பத்து முறையும் ஒரே பதிலைச் சொல்வது அவசியம்.

தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லலாம். வரைபடத்தில் லெபனானைக் காட்டலாம். கைப்பேசியிலும் பள்ளியிலும் போர்ச் செய்தி அவர்கள் காதில் விழும். 'அப்பா செத்துப்போவாரா?' என்று கேட்டால் அதட்டி வாயை அடைக்கக் கூடாது. அங்கே ஆபத்து உண்டு, அதற்காகத்தான் பயிற்சியும் கவச உடையும் பதுங்கு இடமும் இருக்கின்றன, அப்பா தனியாகப் போகவில்லை என்று நேராகப் பதில் சொல்லலாம். ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது.

மூத்த மகனிடம் 'இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை' என்று உறவினர் சொல்வதைப் பல வீடுகளில் கேட்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெருமையாகப் படாது, சுமையாகத்தான் படும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தம்பியின் காலணியை எடுத்து வைப்பது போன்ற சிறு பொறுப்பு அந்த வயதுக்குப் போதும்.

எங்கே போகலாம், எப்போது?

சிறு பிள்ளைகள் இருந்தால் குறைந்த தூரமே நல்லது. கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து ஏறும் பாதையின் வளைவுகளில் வாந்தி எடுத்தே பாதிப் பொழுது போய்விடும். கோலாலம்பூர், சிரம்பான் பக்கத்துக் குடும்பங்களுக்குப் போர்ட்டிக்சன் வசதியானது. அமைதிப்பணிக்குப் பயிற்சி தரும் மையம் 1996 முதல் அங்குதான் இயங்குகிறது. ராணுவ அருங்காட்சியகமும் அங்கே உள்ளது. கவச வண்டியை நேரில் பார்க்கும் பிள்ளைக்கு, அப்பாவின் வேலை என்னவென்று கொஞ்சமாவது புரியும். மாலையில் தெலோக் கெமாங் கடற்கரையில் மணல்வீடு கட்டலாம்.

வடக்கே உள்ளவர்களுக்குத் தைப்பிங் விலங்குப் பூங்கா இருக்கிறது. சிலாங்கூரில் கம்போங் குவாந்தானில் படகில் போய் மின்மினிப் பூச்சி பார்க்கலாம். கையில் காசு குறைவென்றால் பாட்டி வீடு இருக்கும் தோட்டமே போதும். கடன் வாங்கிப் போகும் பயணத்தின் தவணையை, அப்பா இல்லாத மாதங்களில் அம்மாதான் கட்ட வேண்டியிருக்கும்.

புறப்படும் நாளுக்கு முந்திய வாரக் கடைசியைத் தவிர்ப்பது நல்லது. ஆவணம், சாமான், உறவினர் வருகை என எல்லாம் அப்போதுதான் குவியும். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே போய் வந்துவிட்டால், பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு அப்பாவே வீட்டிலிருந்து பதில் சொல்ல முடியும்.

சொந்தபந்தம் எல்லாம் ஒரு வேன் பிடித்துக் கூடவே வந்தால், அப்பா மைத்துனர்களோடு பேசிக்கொண்டிருப்பார், அம்மா அடுப்படியில் நிற்பார், பிள்ளைக்கு இருவருமே கிடைக்கமாட்டார்கள். மாரியம்மனுக்கோ முனீஸ்வரனுக்கோ நேர்ந்துகொண்டு, கயிறு கட்டி, பெரியவர்கள் திருநீறு பூசி அனுப்பும் பூசையை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு நாளில்

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது ஆகியவற்றை அப்பா தம் கையால் செய்யட்டும். பிள்ளைகள் இருவர் மூவராக இருந்தால், ஒவ்வொருவருக்கும் அப்பாவுடன் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அப்பா கதை சொல்வதையும், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பது பின்னால் கைகொடுக்கும். பணிக்குச் செல்லும் பெற்றோர் கதை வாசிப்பதைப் பதிவு செய்து பிள்ளைக்கு அனுப்பும் முயற்சி, அமெரிக்காவில் 1989 முதல் ஓர் அமைப்பாகவே நடக்கிறது. தினமும் இரவில் அந்தக் குரலைக் கேட்கும் குழந்தை, திரும்பி வருபவரை அந்நியராக நினைக்கும் வாய்ப்பு குறைவு.

வீடியோ அழைப்புக்கான நேரத்தையும் அங்கேயே பேசி முடிவு செய்யலாம். லெபனான் நமக்குக் கோடையில் ஐந்து மணி நேரமும் குளிர்காலத்தில் ஆறு மணி நேரமும் பின்னால் இருக்கிறது. இங்கே பிள்ளை தூங்கப் போகும் இரவு 8.30 மணிக்கு, அங்கே பிற்பகல் 3.30 அல்லது 2.30. அப்பா பணியில் இருக்கும் நேரம் அது. வார நாளில் பதிவுக் குரல், ஓய்வு நாளில் அழைப்பு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

நாள் எண்ணுவதற்குச் சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டர் போதும். சிறு பிள்ளைக்கு மாதக் கணக்கைவிடப் பண்டிகைக் கணக்கு எளிது: தைப்பூசம் போய், சித்திரைப் புத்தாண்டு போய், தீபாவளிக்குப் பிறகு அப்பா வருவார் என்று சொல்லலாம். திரும்பும் தேதி தள்ளிப்போகக்கூடும் என்பதால் குறிப்பிட்ட நாளை வாக்காகக் கொடுக்க வேண்டாம்.

பயணப் படங்களை முகநூலிலோ டிக்டாக்கிலோ போடும்போது, புறப்படும் தேதி, பட்டாளத்தின் பெயர், முகாமின் இடம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது.

சண்டை வந்தால்?

இவ்வளவு திட்டமிட்டுப் போன இடத்தில், கணவன் மனைவி காரணமே இல்லாமல் சண்டை போட்டுக்கொள்வதும் உண்டு. இதை ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்கரான கேத்லீன் லோகன். கடற்படையினரின் மனைவியரைப் பற்றி 1987இல் வெளியான அவரது கட்டுரை, பிரிவை ஏழு கட்டங்களாகப் பிரிக்கிறது. முதலில் இழப்பை எதிர்பார்க்கும் கலக்கம். அடுத்து, புறப்படும் நாள் நெருங்கும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் மனத்தால் விலகத் தொடங்குவது. நெருக்கமாக இருந்து பிரிவதைவிடக் கோபத்தில் பிரிவது மனத்துக்கு எளிதாகத் தோன்றுகிறது.

இது தெரிந்திருந்தால், ரொட்டி சானாய்க் கடையில் ஒன்றுமில்லாததற்கு எழுந்த வாக்குவாதத்தைப் பார்த்து 'இவருக்கு நம் மேல் பாசமே இல்லை' என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் முன்னால் சண்டை போட்டால், பிள்ளைகள் முன்னாலேயே சமாதானமும் ஆகிவிட வேண்டும்.

வீட்டுக் காரியங்கள்

பிள்ளைகள் தூங்கிய பிறகு பெற்றோர் பேசி முடிக்க வேண்டியவையும் உண்டு: வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கும் வழி, சேமநிதியிலும் காப்புறுதியிலும் வாரிசாக யார் பெயர், காரின் சாலை வரி, பிள்ளைகளின் மைகிட், பிறப்புப் பத்திரம் இருக்கும் இடம், நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது. பள்ளி ஆசிரியரிடமும் தகவல் சொல்லிவிட்டால், பிள்ளை வகுப்பில் திடீரென்று அழுதாலோ முரண்டு பிடித்தாலோ அவருக்குக் காரணம் புரியும். படை முகாம்களில் செயல்படும் 'பாகாட்' எனப்படும் ஆயுதப்படைக் குடும்ப நல அமைப்பின் தொடர்பையும் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது உதவும்.

லோகன் சொல்லும் கடைசி இரண்டு கட்டங்களும் வீடு திரும்பிய பின் வருபவை. அம்மாவே எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய வீட்டில், அப்பா தமக்குரிய இடத்தை மறுபடியும் தேட வேண்டியிருக்கும். விமான நிலையத்தில் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டால், இழுத்துக் கொஞ்ச வேண்டாம். அதே கதை, அதே குரல், அதே குளிப்பாட்டும் கை என்று தொடர்ந்தால் சில நாளிலோ சில வாரத்திலோ பிள்ளை தானாகவே அருகில் வரும்.