டாரன்டுலா சிலந்தி வளர்ப்பு

டாரன்டுலா என்பது தெரபோசிடே குடும்பத்தைச் சேர்ந்த, உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய சிலந்திகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இக்குடும்பத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இத்தாலியின் தாரந்தோ நகரின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. அங்கு முதலில் இப்பெயரால் அழைக்கப்பட்டது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஓநாய்ச் சிலந்தியாகும். வீட்டில் வளர்க்கப்படும் டாரன்டுலாக்களுள் நன்கு அறியப்பட்டது மெக்சிகோ செம்முழங்கால் டாரன்டுலா. இக்கட்டுரை பெரும்பாலும் அதன் வளர்ப்பைப் பற்றியது.

இயல்பு

மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையை ஒட்டிய வறண்ட காடுகளே இச்சிலந்தியின் தாயகம். அங்கு மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. வளர்ந்த சிலந்தி, கால்களை விரித்த நிலையில் சுமார் 13 முதல் 15 செ.மீ. அகலம் இருக்கும். எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை குறைவு. நிலத்தின் அதிர்வைக் கால்களால் உணர்ந்தே இரையை அறிகிறது. பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆண் சிலந்தியின் ஆயுள் அதைவிட மிகக் குறைவு. ஆகவே, பள்ளி மாணவர் ஒருவர் வாங்கும் பெண் குஞ்சு, அவர் வேலைக்குச் சென்று குடும்பம் அமைத்த பின்னும் உடனிருக்கலாம்.

தொட்டி அமைத்தல்

தொட்டியின் நீளம் சிலந்தியின் கால் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதும். தொட்டி உயரமாக இருப்பதே ஆபத்து. தரையில் வாழும் டாரன்டுலாவின் வயிறு கனமானது, அதன் தோலோ மெல்லியது. கண்ணாடிச் சுவரில் ஏறிக் கீழே விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துவிடும். எனவே, மண்ணின் மேற்பரப்பிற்கும் மூடிக்கும் இடையிலான உயரம் கால் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டாதவாறு மண்ணை நிரப்ப வேண்டும். இதற்குத் தென்னைநார்க் கழிவு உலகெங்கும் பயன்படுகிறது. பதுங்குவதற்கு ஒரு மரப்பட்டை, ஆழமற்ற நீர்க்கிண்ணம், காற்றுத் துளைகள், நன்றாகப் பூட்டும் மூடி ஆகியவை தேவை. இவ்வினத்திற்கு ஈரமும் தேங்கிய காற்றும் ஆகா. ஒரு தொட்டியில் ஒரு சிலந்தியை மட்டுமே வைக்க வேண்டும். இரண்டை வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடலாம்.

உணவு

சிள்வண்டு, கரப்பான்பூச்சி, மாவுப்புழு ஆகியவை இரையாகும். இரை சிலந்தியின் உடலைவிடச் சிறியதாக இருப்பது நல்லது. வளர்ந்த சிலந்திக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை உணவு போதும். மருந்து தெளித்த இடத்தில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்கக் கூடாது. சிலந்தி உண்ணாத இரையை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

தோலுரித்தல்

புதிதாக வளர்ப்போர் பெரிதும் தவறு செய்வது இக்கட்டத்தில்தான். பாம்பு சட்டை உரிப்பது போல, டாரன்டுலாவும் வளர வளரத் தன் வெளித்தோலை உரிக்கிறது. குஞ்சுகள் ஆண்டுக்குப் பலமுறை உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்தி ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிக்கும். அதற்குச் சில வாரங்கள், சிலவேளை மாதங்கள் முன்பிருந்தே உண்பதை நிறுத்திவிடும். வயிற்றில் மயிர் உதிர்ந்த இடம் கருமையாகும். பின்னர் மெல்லிய வலைவிரிப்பு ஒன்றைப் பின்னி, அதன்மீது மல்லாந்து படுத்துப் பல மணி நேரம் அசைவற்றுக் கிடக்கும்.

இந்நிலையில் உள்ள சிலந்தியை இறந்துவிட்டதாக எண்ணி எறிந்துவிடுவதும், உதவுவதாக நினைத்துப் புரட்டிவிடுவதும் அதன் உயிரைப் பறிக்கும் செயல்கள். உண்மையில் இறந்த சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையில், கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டு காணப்படும். சிலந்தியின் கால்களை மடக்கத் தசைகள் உண்டு. ஆனால் அதன் முக்கிய மூட்டுகளை நீட்டுவது உடற்பாய்மத்தின் அழுத்தமே. உயிர் பிரிந்ததும் அழுத்தம் குறைந்து கால்கள் சுருள்கின்றன. உயிருள்ள சிலந்தியின் கால்கள் இவ்வாறு சுருளத் தொடங்கினால் அது நீர்ச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது உடனே நீர்க்கிண்ணத்தின் அருகில் விட வேண்டும்.

தோலுரித்த சிலந்தியின் உடல் மென்மையாகவும், நச்சுப்பற்கள் வெண்மையாகவும் இருக்கும். அவ்வேளையில் ஒரு சிள்வண்டுகூட அதைக் கடித்துக் கொன்றுவிடும். பற்கள் கருத்து இறுகும்வரை, அதாவது ஒன்று முதல் இரண்டு வாரம் வரை, இரை கொடுக்கக் கூடாது. நீர் மட்டும் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டாரன்டுலாக்கள், அச்சுறுத்தப்பட்டால் பின்னங்கால்களால் வயிற்றிலுள்ள நுண்மயிர்களை உதறி வீசுகின்றன. இவை தோலில் அரிப்பை உண்டாக்கும். கண்ணில் பட்டால் கேடு பெரிது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில் இம்மயிர்கள் தைத்து நீண்ட சிகிச்சை தேவைப்பட்டது லான்செட் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. எனவே தொட்டியைத் தூய்மை செய்யும்போது கண்ணாடி அணிவதும், நீண்ட இடுக்கியைப் பயன்படுத்துவதும், பின்னர் கை கழுவுவதும் அவசியம். சிலந்தியைக் கையில் எடுத்து விளையாடுவதைத் தவிர்க்க வேண்டும். அது மனிதரின் தொடுகையை விரும்புவதில்லை. கை நடுங்கித் தவறவிட்டால் இறப்பது சிலந்திதான்.

சட்டமும் பாதுகாப்பும்

வளர்ப்புக்காகக் காடுகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டதால், செம்முழங்கால் டாரன்டுலா 1985இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதீரியா பேரினம் 2019இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆந்திராவின் குத்தி ஊரின் பெயரால் அறியப்படும் நீலநிற டாரன்டுலா இப்பேரினத்தைச் சேர்ந்தது. இது மிகவும் அழிவாபத்தில் உள்ள இனமாகும். இந்தியாவில் இவ்வுடன்படிக்கைப் பட்டியல்களில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர், 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.

பெண் டாரன்டுலா குஞ்சுப் பருவத்திலிருந்து முழு வளர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே காட்டிலிருந்து முட்டையிடும் பருவத்துப் பெண் சிலந்தி ஒன்று பிடிக்கப்பட்டால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. வளர்க்க விரும்புவோர், வளர்ப்பிடத்தில் பிறந்த குஞ்சுகளை உரிய ஆவணங்களுடன் மட்டுமே பெற வேண்டும். வளர்க்க இயலாமல் போனாலும் அவற்றை வெளியில் விட்டுவிடக் கூடாது.