ரைஃபிள் கிளப்ல சேரலாமா? பணம் கட்டறதுக்கு முன்னாடி ரேஞ்சுல என்ன பாக்கணும்?



2022 ஜூலையில திருச்சியில மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் வந்து சுட்டார், பதக்கமும் வாங்கினார். 2024-ல பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் ஜெயிச்சாங்க. இதையெல்லாம் பாத்துட்டு பெத்தவங்க, காலேஜ் பசங்க, வேலைக்குப் போறவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்கறாங்க: "எங்க ஊர் ரைஃபிள் கிளப்ல சேரலாமா?" சென்னை, கோவை, மதுரை, திருச்சின்னு பெரிய ஊர்கள்ல கிளப் இருக்கு. இடம் கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. அந்தக் கிளப் உங்களுக்குச் சரியா வருமா, அதை எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு இன்னிக்குப் பாக்கலாம்.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைத் தீர்த்துடறேன். கிளப்ல மெம்பர் ஆனா துப்பாக்கி லைசென்ஸ் சுலபமா வந்துடும்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. லைசென்ஸ் கொடுக்கற அதிகாரம் எந்தக் கிளப்புக்கும் கிடையாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அது அரசாங்கத்தோட வேலை. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, காரணம் கேக்கறதுன்னு அதுக்குத் தனி வழி இருக்கு. தற்காப்புக்காகத் துப்பாக்கி பழகணும்னு நினைக்கறவங்களுக்கும் இதையே சொல்றேன். ரேஞ்சுல சொல்லித் தர்றது காகித டார்கெட்டைச் சுடறதுக்கு மட்டும்தான். ராத்திரி வீட்டுக்குள்ள திருடன் வந்தா என்ன பண்றதுங்கற கேள்விக்கு அங்க பதில் கிடைக்காது. அந்த எண்ணத்தோட வர்றவங்களைத் திருப்பி அனுப்பற கிளப்பை நான் மதிக்கறேன்.

அப்போ அங்க போய் என்னதான் சுடுவோம்? புதுசா சேர்றவங்க பெரும்பாலும் ஏர் ரைஃபிள் இல்லேன்னா ஏர் பிஸ்டல்லதான் ஆரம்பிக்கறாங்க. இதுல வெடிமருந்து கிடையாது. சிலிண்டர்ல அடைச்ச காத்து, 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் வெளியேறற ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருக்கற 4.5 மில்லிமீட்டர் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு 2016 ஆயுத விதிகள் சொல்லுது. 50 மீட்டர் தூரத்துல சுடற பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணும். அது பின்னாடி வர்ற கட்டம், இப்போ கவலைப்பட வேணாம். லைசென்ஸ் வேணாம்னதும் ஏர் துப்பாக்கியை விளையாட்டு சாமானா நினைச்சுடாதீங்க. அந்தப் பெல்லட் கண்ணுல பட்டா பார்வை போயிடும்.

இப்போ இந்த விளையாட்டோட உள்ளுக்குள்ள போவோம். ஏன்னா பல பேர் இதைத் தெரிஞ்சுக்காமலே சேர்ந்து, மூணாவது மாசம் நின்னுடறாங்க.

ஏர் ரைஃபிள் டார்கெட் 10 மீட்டர் தூரத்துல இருக்கும். அதோட நடுவுல இருக்கற பத்தாம் வளையத்தோட விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பேனா முனையால ஒரு புள்ளி வெச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். போட்டியில 75 நிமிஷத்துக்குள்ள 60 குண்டு சுடணும். ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10.9, மொத்தமா 654. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ்ல தகுதிச்சுற்றுல 630.7 எடுத்தாங்க, பத்தாவது இடம், ஃபைனல் கிடைக்கல. கூடப் போன ரமிதா 631.5 எடுத்து ஃபைனலுக்குப் போயிட்டாங்க. 60 குண்டுக்கும் சேர்த்து ரெண்டு பேருக்கும் நடுவுல 0.8 புள்ளிதான் வித்தியாசம். ஒரு குண்டுக்கு 0.02 கூட வரல. ஒலிம்பிக்ஸ் ஃபைனலுக்குள்ள போறதா வெளியில நிக்கறதாங்கறதை இவ்வளவு சின்ன அளவுதான் முடிவு பண்ணுது.

இந்த அளவு துல்லியம் எங்கேர்ந்து வருது? கை பலத்துலேர்ந்து வர்றதில்ல. வலது கைக்கார ரைஃபிள் ஷூட்டர் இடது முழங்கையை இடுப்பு எலும்பு மேல ஊன்றி, முதுகைக் கொஞ்சம் பின்னால வளைச்சு, சுமார் 5 கிலோ எடையை எலும்பு மேல இறக்கி வைக்கறாங்க. தசை சீக்கிரம் சோர்ந்து நடுங்க ஆரம்பிச்சுடும், எலும்பு நடுங்காது. அவங்க போடற கெட்டியான ஜாக்கெட்டும் பேண்ட்டும் முதுகைத் தாங்கறதுக்குத்தான். பிஸ்டல்ல ஒரே கைதான். இன்னொரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு நிப்பாங்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, சைட்டுல, அதாவது குறி பாக்கற அமைப்புல கண்ணை வெச்சு, ட்ரிகரை மெதுவா அழுத்தணும். சில விநாடிக்குள்ள குண்டு போகலேன்னா என்ன பண்ணணும் தெரியுமா? துப்பாக்கியைக் கீழ இறக்கணும். மூச்சு வாங்கிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

இந்த இறக்கறதுதான் இந்த விளையாட்டுலயே கஷ்டமான பாடம்னு நான் நினைக்கறேன். தூக்கினது தூக்கிட்டோம், சுட்டுடலாம்னு மனசு சொல்லும். அப்படிச் சுட்ட குண்டுதான் எட்டுக்குப் போகும். ஒரு மணி நேரம் முழுக்க ஒரே இடத்துல நின்னு, யாரோடயும் பேசாம, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யணும். சிலருக்கு இது பெரிய நிம்மதி. வேலை அழுத்தம், போன் சத்தம் எல்லாம் அந்த ஒரு மணி நேரம் காணாமப் போயிடும். சிலருக்கு இதுவே தண்டனை. ஓடி, வேர்த்து, கத்தி, கூட்டாளியோட கை தட்டினாத்தான் உங்களுக்கு விளையாடின மாதிரி இருக்குமா? அப்போ பேட்மின்டனுக்கோ கபடிக்கோ போங்க. அதுல ஒரு குறையும் இல்ல.

சரி, உங்களுக்கு இது பிடிக்கும்னு தோணுது. அடுத்தது, எந்தக் கிளப்? இங்கதான் நான் கொஞ்சம் பிடிவாதமா பேசப்போறேன். பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் போய் ரேஞ்சுக்குப் பின்னாடி உக்காந்து பாருங்க. எத்தனை வெளிநாட்டுத் துப்பாக்கி இருக்கு, சுவத்துல எத்தனை மெடல் தொங்குதுங்கறதை அப்புறம் பாத்துக்கலாம். சுடாத நேரத்துல அங்க இருக்கறவங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு கவனிங்க.

ரேஞ்சுல ஆர்டர் கொடுக்க ஒருத்தர் இருக்கணும். அவர் "ஸ்டார்ட்"னு சொன்னாத்தான் சுடணும். "ஸ்டாப்"னு சொன்ன அந்த விநாடியே எல்லாரும் நிறுத்தணும். நான் இன்னும் ஒண்ணு சுட்டுக்கறேனேன்னு ஒரு சீனியர் சுடறாரா? அவரை யாரும் ஒண்ணும் சொல்லலையா? அந்தக் கிளப் வேணாம். துப்பாக்கி நுனி எப்பவும் டார்கெட் பக்கம்தான் இருக்கணும். பையிலேர்ந்து எடுக்கும்போது, பெல்லட் போடும்போது, பக்கத்துல இருக்கறவர் கூப்பிட்டுத் திரும்பும்போது, எல்லா நேரத்துலயும். சுடாம வெச்சிருக்கற துப்பாக்கியோட குழலுக்குள்ள கலர் கயிறு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். அது சேஃப்டி ஃப்ளாக். குழல் காலியா இருக்குன்னு எல்லாருக்கும் தூரத்துலேர்ந்தே தெரியணும்ங்கறதுக்காக. ஃப்ளாக் போடாத துப்பாக்கி மேசை மேல கிடந்தா கோச்கிட்ட காரணம் கேளுங்க. கோபப்படாம விளக்கம் சொல்றாரான்னு பாருங்க.

கோச் வராத நாள்ல யார் பொறுப்புன்னும் கேளுங்க. "சீனியர் பசங்க பாத்துப்பாங்க"ன்னு பதில் வந்தா, அந்த சீனியருக்கு எத்தனை வயசுன்னும் கேக்கணும். கிளப் துப்பாக்கிகளை எங்க பூட்டி வைக்கறாங்க, எடுக்கறதுக்கும் வைக்கறதுக்கும் ரெஜிஸ்டர் இருக்கா? காத்து சிலிண்டர் மேல தேதி அடிச்சிருக்கும். 200 பார் அழுத்தம் தாங்கற பொருள் அது, காலாவதி ஆனதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு சிலிண்டரைக் கையில வாங்கித் தேதியைப் படிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. பெல்லட் ஈயம். டார்கெட்டுக்குப் பின்னாடி மோதி நசுங்கும்போது தூளாகும், கையிலயும் ஒட்டும். குழந்தைகளுக்கு இந்த அளவு ஈயம் பாதுகாப்பானதுன்னு சொல்லிக்கற எல்லையே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால மூடின ரேஞ்சா இருந்தா காத்து வெளியேற வழி இருக்கா, கை கழுவ சோப்பு இருக்கா, சுடற இடத்துல பசங்க பிஸ்கட் சாப்பிடறாங்களான்னு கவனிங்க. பெல்லட்டை வாயில கவ்விக்கிட்டு லோட் பண்ற பழக்கம் எங்கயாவது கண்ணுல பட்டா, உடனே தடுக்கச் சொல்லுங்க.

பணத்தைப் பத்தியும் பேசியாகணும். சேர்றப்போ கட்டற தொகை கிளப்புக்குக் கிளப் மாறும், நேர்ல கேட்டுக்கோங்க. மறைஞ்சிருக்கற செலவு வேற இடத்துல இருக்கு. வாரத்துக்கு 4 நாள், நாளைக்கு 60 குண்டுன்னு வெச்சா வாரம் 240 பெல்லட். 500 பெல்லட் இருக்கற ஒரு டப்பா ரெண்டே வாரத்துல காலி. ரேஞ்சு கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம் தனி. துப்பாக்கியைப் பொறுத்தவரை, ஃபைன்வெர்க்பாவ், வால்த்தர், ஸ்டெயர் மாதிரி இறக்குமதி போட்டித் துப்பாக்கி எல்லாம் லட்சக்கணக்குல. உள்நாட்டுத் தயாரிப்பு அதை விட நல்லாவே குறைவு. ஓப்பன் சைட்ங்கற எளிய குறி அமைப்பு இருக்கற துப்பாக்கியோட சுடறவங்களுக்குன்னு போட்டிகள்ல தனிப் பிரிவும் இருக்கு. அதனால ஆரம்பத்துலயே பெரிய துப்பாக்கி வாங்கச் சொல்லி அவசரப்படுத்தற கோச்கிட்ட ஜாக்கிரதையா இருங்க. கிளப் துப்பாக்கியிலயே ஆறு மாசம் சுடுங்க. ரைஃபிளா பிஸ்டலாங்கறதே பல பேருக்கு அந்த ஆறு மாசத்துலதான் புரியுது.

இதோட வீட்டுலயே ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. ரெண்டு கையையும் நீட்டி ஒண்ணா சேர்த்து, விரல்களுக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி விட்டு, அது வழியா தூரத்துல இருக்கற சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. இப்போ ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணை மூடினா கடிகாரம் மறையுதோ அதுதான் உங்க ஆதிக்கக் கண், அதாவது குறி பாக்க மூளை முதன்மையா நம்பற கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமா இருக்கலாம். இதை முதல் நாளே கோச்கிட்ட சொல்லிட்டா, தப்பான பக்கம் பழகி அப்புறம் மாத்தற வேதனை மிச்சம்.

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கிடைக்கும்ங்கறதுக்காக மட்டும் குழந்தையைக் கொண்டு வராதீங்க. மாநிலப் போட்டி, அதுக்கு மேல மாவ்லங்கர்னு ஒரு அகில இந்தியத் தகுதிப் போட்டி, அதுல தகுதி மதிப்பெண் எடுத்தாத்தான் தேசியப் போட்டி. இதெல்லாம் வருஷக்கணக்கா ஆகற வேலை. பதினோராம் வகுப்புல சேர்த்துட்டு அடுத்த வருஷம் சர்டிஃபிகேட் எதிர்பாத்தா, அந்தப் பிள்ளை ஒவ்வொரு குண்டையும் பயத்தோட சுடும். பயந்த கை ட்ரிகரை இழுத்துடும். விருப்பத்தோட வர்ற பிள்ளைக்குப் பொறுமை, தன் உடம்பைத் தானே கவனிக்கறது, தோத்த குண்டை மறந்துட்டு அடுத்ததுக்குப் போறதுன்னு நிறைய கிடைக்குது. இதை நான் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன். அதனாலதான் இவ்வளவு நேரம் பேசறேன்.

கடைசியா, சொந்தத் துப்பாக்கி வாங்கி வீட்டுல வெக்கறது. ஏர் துப்பாக்கியா இருந்தாலும் பூட்டின பெட்டிக்குள்ள, பெல்லட் வேற இடத்துல, சாவி பெரியவங்க கையில. வீட்டுல யாராவது மனசு உடைஞ்சு போயிருக்காங்க, இல்ல குடிச்சிட்டு சண்டை நடக்கற வீடுன்னா, எந்தத் துப்பாக்கியும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. கிளப் லாக்கர்லயே வெக்க முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா கிளப் துப்பாக்கியிலயே பயிற்சி பண்ணுங்க. இதை நேர்ல வெளிப்படையா சொல்ல உங்களுக்குக் கூச்சமா இருந்தா, இடவசதி இல்லன்னு சொல்லிக்கோங்க. நல்ல கோச் அதுக்கு மேல கேக்க மாட்டார்.