கண்ணாடித் தொட்டியில் ஒரு குடும்பம்

காலையில் கண் விழித்ததும் மீன்தொட்டியை நோக்கி ஓடுகிறான் சிறுவன். முந்திய நாள் இலைமீது முத்துக் கோத்தாற்போல் ஒட்டியிருந்த முட்டைகளில் ஒன்றையும் காணோம். விம்மி விம்மி அழுகிறான். திருடர் எவரும் வரவில்லை. இட்ட மீன்களே அவற்றை விழுங்கிவிட்டன. ஏஞ்சல் மீன் வளர்க்கும் இல்லங்கள் பலவற்றில் நிகழும் காட்சி இது. இதற்குக் காரணம் யாது? தவிர்க்க வழியுண்டா?

சிச்லிட் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையாகும். முட்டையிட்டதோடு அகன்றுவிடாமல், ஆணும் பெண்ணும் கூடிக் காவல் புரிவது இதன் தனிச்சிறப்பு.

முதற்படி இணை அமைதல். தோற்றத்தில் ஆண், பெண் வேறுபாடு எளிதில் தெரியாது. ஆகவே கடையில் இரண்டை மட்டும் பொறுக்கியெடுத்து இணையாக்க முயல்வதைவிட, ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்ப்பதே நன்று. பருவமெய்தியதும் இரண்டு மீன்கள் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு ஏனையவற்றை விரட்டும். தாமே தேர்ந்துகொண்ட அவ்விணையை, சுமார் 80 லிட்டர் நீர் கொள்ளும் உயரமான தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.

நீரின் வெப்பம் 27 அல்லது 28 டிகிரி செல்சியஸ் இருத்தல் வேண்டும். நம் சமவெளிகளில் பெரும்பாலான மாதங்களில் சூடேற்றும் கருவி தேவைப்படாது. உப்புக் கடினம் மிகுந்த கிணற்று நீரில் முட்டைகள் சரிவரப் பொரிப்பதில்லை. தூய மழைநீரைக் கலந்து மென்மையாக்கலாம். சில நாட்களுக்கொருமுறை நீரில் கால் பங்கை மாற்றுவதும், சுத்தமான நீரில் பிடித்த கொசுப்புழுக்களை உணவாக இடுவதும் மீன்களை முட்டையிடத் தூண்டும்.

ஒரு கடப்பைக்கல் துண்டைச் சற்றே சாய்த்து நிறுத்தி வையுங்கள். முட்டையிடுமுன் இரண்டும் அதை வாயால் துடைத்துத் தூய்மை செய்யும் அழகைக் காணலாம். பின்னர்ப் பெண் மீன் வரிசையாக முட்டைகளை ஒட்ட வைக்க, ஆண் மீன் பின்தொடர்ந்து கருவுறச் செய்யும். இருவரும் துடுப்பால் விசிறி நீரோட்டம் அளிப்பர். வெளுத்துக் கெட்ட முட்டைகளை அகற்றுவர். ஏறத்தாழ இரண்டு நாட்களில் முட்டைகள் பொரியும். மேலும் ஐந்தாறு நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறாற்குஞ்சுகளே ஏற்ற உணவு.

இத்துணை அன்புடைய பெற்றோர் ஏன் முட்டைகளை உண்கின்றன? அனுபவமின்மையும் அச்சமுமே முக்கிய காரணங்கள். கண்ணாடியைத் தட்டுதல், திடீரென விளக்கை அணைத்தல் போன்றவை அவற்றை மிரளச் செய்யும். தொட்டியின் மூன்று பக்கங்களைத் தாளால் மறைத்து, இரவில் மங்கிய ஒளி விடுங்கள்.

கல்லை முட்டைகளோடு வேறு பாத்திரத்திற்கு மாற்றி, காற்றுக்குமிழியால் பொரிக்கச் செய்வதும் உண்டு. விற்பனைக்காக வளர்ப்போருக்கு அம்முறை பயன்தரும். ஆயினும், குஞ்சுகள் புடைசூழப் பெற்றோர் நீந்தும் காட்சியை அதில் காண இயலாது.

எனவே அழும் சிறுவனைத் தேற்றுங்கள். முட்டைகளை இழந்த இணை, சுமார் இரண்டு வாரங்களில் மீண்டும் முட்டையிடக்கூடும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அவை பெற்றோராகப் பழகிவிடுவதுண்டு. அதுவரை பொறுத்திருந்து, ஓசையின்றி எட்ட நின்று பார்ப்பதே நாம் அவற்றுக்குச் செய்யும் பேருதவி.